புதுக்கடை மாதா கோயிலில் ஓர் ஆயர் அபிஷேகம்: சுதந்திரக் கத்தோலிக்கத் திருச்சபை ஒன்றின் கதை

1892 மே 29, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பு புதுக்கடையில் உள்ள நல்மரண மாதா கோயிலில் ஆயர் அபிஷேகம் நடக்கிறது. அபிஷேகம் பெறுபவர் ஜோசப் ரெனே வில்லாத். பாரிஸில் பிறந்தவர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெல்ஜியத்திலிருந்து குடியேறிய விவசாயிகளிடையே குருவாக இருந்தவர். தலையில் கைவைத்து அவரை ஆயராக்குபவர் கோவாவின் வெர்ணா ஊரில் பிறந்த அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் ஆல்வாரிஸ். உடன் இருக்கும் மார் பவுலோஸ் அத்தனாசியஸும் மார் கிரிகோரியோஸும் கேரளத்துச் சிரியன் ஆயர்கள். இந்த மார் கிரிகோரியோஸ்தான் இன்று பருமலைத் திருமேனி என்று கேரளம் முழுவதும் வணங்கப்படும் புனிதர். அனுமதி ஆணை அந்தியோக்கியாவின் சிரியன் முதுபெரும் தந்தையிடமிருந்து வந்திருந்தது. கொழும்பில் இருந்த அமெரிக்கத் தூதர் வில்லியம் மோரி சாட்சி.

வழிபாட்டை நடத்திய யாரும் ரோமின் ஆளுகைக்குள் இல்லை. ஆனாலும் நடந்தது லத்தீன் முறைச் சடங்கு. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தக் கோயிலும் ரோமோடு இருந்த கோயில்தான். அங்கே கூடியவர்கள் தங்களைக் கத்தோலிக்கர் என்றே சொல்லிக்கொண்டார்கள். தங்கள் சபைக்கு இலங்கை, கோவா, இந்திய சுதந்திரக் கத்தோலிக்கத் திருச்சபை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இந்தச் சபையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கங்களில் ஒன்றில் நின்றுகொள்கிறார்கள். ரோமன் தரப்பில் அது ஒரு கலகக்காரக் குருவின் பிடிவாதம். ஆர்த்தடாக்ஸ் தரப்பில் அது ஒரு புண்ணியவானின் மனமாற்றம். ஆவணங்களின் வரிசையை மட்டும் பின்தொடர்ந்து போனால் தெரிவது வேறு. ஆயரை யார் நியமிப்பது, கோயில் சாவி யார் கையில் இருப்பது என்ற நிர்வாகத் தகராறுதான் இதன் வேர். விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியைக்கூட யாரும் மாற்றக் கேட்கவில்லை.

அரசரின் உரிமை

15, 16ஆம் நூற்றாண்டுகளில் திருத்தந்தையர் போர்த்துக்கல் அரசர்களுக்கு ஓர் உரிமை கொடுத்தார்கள். கடல் கடந்த நாடுகளில் கோயில் கட்டுவதும் குருக்களை அனுப்புவதும் அவர்களுக்குப் படியளப்பதும் அரசர் பொறுப்பு. பதிலுக்கு ஆயர்களை முன்மொழியும் உரிமையும் அவருக்கே. பதுரவாதோ என்று அதற்குப் பெயர். 1534இல் கோவா மறைமாவட்டமானது. பிறகு கொச்சி, 1606இல் மயிலாப்பூர். ஆசியாவின் கத்தோலிக்கம் முழுக்க லிஸ்பன் வழியாகத்தான் ரோமுக்குப் போய்வர வேண்டும் என்ற நிலை.

அரசரின் கை நீளமாக இருந்தவரை இது ஓடியது. 1658இல் இலங்கை முழுவதும் போர்த்துக்கீசரின் கையை விட்டுப் போனது. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தார்கள். மலபார்க் கரையிலும் அதே கதை. பணமும் இல்லை, ஆளும் இல்லை, கப்பலும் இல்லை. உரிமையை மட்டும் போர்த்துக்கல் விடவில்லை. ரோம் சும்மா இருக்கவில்லை. 1622இல் தொடங்கிய புரோபகாந்தா என்ற மறைபரப்புப் பேராயத்தின் மூலம் தன் நேரடிப் பிரதிநிதிகளை, பிரெஞ்சுக்காரர்களையும் இத்தாலியர்களையும், அனுப்ப ஆரம்பித்தது. ஒரே நாட்டில் இரண்டு கத்தோலிக்க நிர்வாகங்கள். இரண்டுமே திருத்தந்தையின் பெயரால்.

1834இல் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளை ஒழித்தது. ரோமோடு உறவும் முறிந்தது. 1838 ஏப்ரலில் திருத்தந்தை 16ஆம் கிரகோரி ஓர் ஆணை போட்டு, கொச்சி, மயிலாப்பூர் போன்ற மறைமாவட்டங்களில் பதுரவாதோ அதிகாரத்தை நிறுத்தி வைத்தார். கோவா குருக்கள் கீழ்ப்படியவில்லை. அரசர் சம்மதிக்காத ஆணை எங்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். தமிழ்நாட்டுப் பழைய கத்தோலிக்க ஊர்களில் இதன் வடு நெடுநாள் இருந்தது. கோவா குருக்களுக்கும், அப்போதுதான் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்த இயேசு சபையினருக்கும் கோயில் யாருடையது என்று வழக்கு, அடிதடி வரை போனது. சில ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு பங்கு, இரண்டு சாமியார், இரண்டு ஆயர். இந்த இரட்டை ஆட்சி 1928 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஒழிந்தது. வேளாங்கண்ணியே 1952இல் தஞ்சை மறைமாவட்டம் உருவாகும்வரை மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் கீழ்தான் இருந்தது.

இலங்கையில் விஷயம் இன்னும் உணர்ச்சிமயமானது. டச்சுக்காரர் காலத்தில் மாறுவேடத்தில் வந்து, காட்டு வழியே நடந்து, அந்தத் தீவில் கத்தோலிக்கத்தை உயிரோடு வைத்தவர்கள் கோவா குருக்கள். 1687இல் யாழ்ப்பாணத்தில் இறங்கிய ஜோசப் வாஸ் முனிவர் அவர்களில் முதல்வர். 2015 ஜனவரியில் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். ஐரோப்பியர் யாரும் நுழைய முடியாத ஒன்றரை நூற்றாண்டு அது. 1847க்குப் பிறகு அமலமரித் தியாகிகள் என்ற ஐரோப்பியத் துறவற சபையினர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள், சில்வெஸ்திரியர் என்ற இன்னொரு சபையினர் கொழும்பைப் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம், அச்சகம், ஒழுங்கு, பணம் எல்லாம் அவர்களிடம் இருந்தன. கோவா குருக்கள் தங்கள் கண் முன்னாலேயே இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள். நிறமும் இதில் ஒரு காரணம்தான். அதை மறைத்து எழுத வேண்டியதில்லை.

1886இன் கையெழுத்து

1886 ஜூன் 23 அன்று திருத்தந்தை 13ஆம் லியோவும் போர்த்துக்கல் அரசர் லூயிஸும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். கோவா பேராயருக்குக் கிழக்கிந்தியாவின் முதுபெரும் தந்தை என்ற பட்டம் கிடைத்தது. மயிலாப்பூரும் கொச்சியும் போர்த்துக்கலின் உரிமையில் நீடித்தன. மற்ற இடங்களை, இலங்கை உட்பட, ரோம் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே இந்தியாவில் முறையான ஆயர் ஆட்சி நிறுவப்பட்டது. இலங்கையில் கொழும்பு பேராயரின் மறைமாவட்டமாயிற்று. அமலமரித் தியாகியான பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தோப் பொன்ஜான் அதன் முதல் பேராயர்.

கொழும்பிலும் மன்னார்ப் பகுதியிலும் பதுரவாதோ கோயில்களைச் சேர்ந்தவர்களுக்கு இது பேரிடி. தாங்கள் கட்டிய கோயில், தங்கள் முன்னோரைப் புதைத்த கல்லறை, எல்லாம் தங்களைக் கேட்காமலேயே கைமாறியது. தென் கன்னடத்திலும் சில கொங்கணிக் குடும்பங்களுக்கு இதே நிலை. கோவா பேராயரின் கீழ் இருந்த அவர்கள் மங்களூர் ஆயரின் கீழ் வந்தார்கள். மனுக்கள் பறந்தன. அரச உரிமையைக் காக்க ஒரு சங்கமே ஏற்பட்டது. அதன் மூளை டாக்டர் பேத்ரோ மனுவேல் லிஸ்போவா பிண்டோ என்ற கோவாக்காரர். திருத்தந்தைக்கும் லிஸ்பனுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் எழுதினார்கள். எதுவும் நடக்கவில்லை.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் குருக்களின் ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த இந்தியர்கள் கையில் எடுத்த ஆயுதம் ஓர் ஐரோப்பிய அரசரின் பழைய சலுகை. அந்த அரசரோ அதைத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார். ரோம் கேட்கவில்லை, லிஸ்பன் கைவிட்டது. அப்புறம் மிச்சம் இருந்த ஒரே வழி தனியாகப் போவது.

ஆல்வாரிஸ்

1836இல் பிறந்த ஆல்வாரிஸ் கோவாவில் ஏற்கெனவே பிரபலம். குரு என்பதைவிடப் பத்திரிகையாளர் என்று. ஆ குரூஸ், ஆ வெர்தாதே, ஓ பிராதோ இந்தியானோ என்று ஒன்று நின்றால் இன்னொன்று நடத்தியவர். அரசையும் திருச்சபை அதிகாரத்தையும் ஒன்றுபோலவே விமர்சித்தார். இரண்டு தரப்பும் அவரை ஒன்றுபோலவே வெறுத்தன. பேராயர் வலேந்தே அவருடைய பத்திரிகைக்குத் தடை போட்டார். விவகாரம் சபைநீக்கம்வரை போனது.

இன்னொரு பக்கமும் அவருக்கு இருந்தது. 1871இலேயே கோவாவின் தலைநகரான பஞ்சிமில் பிச்சைக்காரர்களுக்கு உதவ ஓர் அறச்சங்கம் தொடங்கினார். காலரா சிகிச்சைக்கு ஒரு கையேடு எழுதினார். பஞ்சத்துக்கு மாற்றாக மரவள்ளிக்கிழங்கு பயிரிடச் சொல்லிப் பிரசாரம் செய்தார். இப்படிப்பட்டவர்மேல் சபைநீக்கம் என்றால் ஊரில் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்?

சரி, ஆட்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, குருவும் இருக்கிறார். ஆயர் இல்லை. கத்தோலிக்க மரபில் இது சாதாரணக் குறை கிடையாது. ஆயர்தான் குருவை உருவாக்க முடியும். குரு இல்லாமல் பூசை இல்லை. ஆயரை இன்னொரு ஆயர்தான் உருவாக்க முடியும். அந்தச் சங்கிலி திருத்தூதர்கள்வரை அறுபடாமல் போக வேண்டும். புரோட்டஸ்டன்ட் சபையாக மாறியிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது. இவர்களோ மாதாவையும் பூசையையும் புனிதர்களையும் விடத் தயாரில்லை. ரோமிடம் கேட்காமல், ஆனால் ரோமே செல்லாது என்று சொல்ல முடியாத ஒரு கையிலிருந்து அபிஷேகம் வேண்டும். மேற்கத்திய இறையியலில் அதற்கு இடம் உண்டு. முறை தவறி நடந்தாலும் சடங்கு சரியாக இருந்தால் குருத்துவம் செல்லும், அதைப் பயன்படுத்துவதுதான் சட்டவிரோதம் என்பது அகுஸ்தீனார் காலத்திலிருந்து வரும் வாதம். உலகம் முழுவதும் சுதந்திரக் கத்தோலிக்கச் சபைகள் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்திருக்கின்றன.

அந்தக் கை பக்கத்திலேயே, கோட்டயத்தில் இருந்தது. கேரளத்தின் மலங்கரைச் சிரியன் சபையும் அப்போது தன் சொந்தப் பிளவிலிருந்து மீண்டுகொண்டிருந்தது. 1889 ஜூலை 12 அன்று திருவாங்கூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், சபைத் தலைவர் மார் ஜோசப் தியோனிசியஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, கோட்டயம் பழைய செமினாரி என்ற குருமடம் அவர்களுக்கே என்றது. அதே மாதம் 28ஆம் தேதி, அதே கோட்டயத்தில், ஆல்வாரிஸ் மார் யூலியோஸ் என்ற பெயரில் ஆயரானார். தங்கள் கோயிலை இழந்தவர்களுக்கு, தங்கள் செமினாரியை வழக்காடி வென்றவர்கள் ஆயர் கொடுத்தார்கள்.

நிபந்தனை ஒன்றுதான்: அந்தியோக்கிய முதுபெரும் தந்தையை ஏற்க வேண்டும். லத்தீன் வழிபாட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இதன் எடையை அன்று எத்தனை பேர் உணர்ந்தார்கள் என்பது வேறு விஷயம். சிரியன் மரபு 451இன் கல்கதோன் பொதுச்சங்கத்தை ஏற்காதது. கோயில் யாருக்கு என்ற சண்டையில் தொடங்கியவர்கள், கிறிஸ்துவின் இயல்பு பற்றிய ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழைய பிரிவின் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பூசையின் சொற்கள் மாறாததால் கோயிலுக்கு வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

கொழும்பின் ஆண்டுகள்

ஆல்வாரிஸின் தலைமையிடம் கொழும்பாயிற்று. லிஸ்போவா பிண்டோ வெறும் கோயில் பிரமுகராக நின்றுவிடவில்லை. 1893இல் இலங்கையின் முதல் தொழிற்சங்கமான அச்சகத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அவரே தலைவர்; செயலாளர் பௌத்த இயக்கத்தைச் சேர்ந்த புல்ஜென்ஸ். கேவ் கம்பெனி அச்சகத்தில் அந்த செப்டம்பரில் நடந்த வேலைநிறுத்தம் சில நாட்களில் தோற்றது. இருந்தாலும் இலங்கைத் தொழிற்சங்க வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ரோமுக்கு அடங்காத கத்தோலிக்கரும் மிஷனரிகளை எதிர்த்த பௌத்தரும் ஒரே மேடையில் நின்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இருவருக்கும் எதிரில் இருந்தது ஒரே ஐரோப்பிய அதிகாரம்.

கோவாவில் வரவேற்பு வேறு மாதிரி. 1895இல், ஆல்வாரிஸ் தன் சொந்த மண்ணில் கைது செய்யப்பட்டார். ஆயர் உடையில் நடமாடுவதும் அரசுக்கு எதிராகக் கலகம் செய்வதும் போர்த்துக்கீச அதிகாரிகளின் கண்ணில் ஒரே குற்றமாகத் தெரிந்த காலம் அது. நீதிமன்றம் விடுவித்தது. பத்திரிகைக்குத்தான் மூச்சு நின்றது.

இதற்கு நடுவேதான் வில்லாத் வந்தார். 1870இல் திருத்தந்தையின் தவறாவரத்தை, அதாவது விசுவாசப் போதனையில் அவர் தவறமாட்டார் என்ற கோட்பாட்டை, ஏற்க மறுத்துப் பிரிந்த ஐரோப்பியப் பழைய கத்தோலிக்கரின் வழி வந்த குரு அவர். 1885இல் பெர்ன் நகரில் ஆயர் ஹெர்சோக் அவரைக் குருவாக்கினார். விஸ்கான்சினில் அமெரிக்க ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோப்பல் சபையின் நிழலில் பணியாற்றினார். அங்கே புதிதாக வந்த ஆயர் கிராஃப்டனுடன் ஒத்துப்போகவில்லை. ஆயர் பட்டத்துக்கு ஆசைப்பட்டு ஹாலந்தின் ஊத்ரெக்தில் இருந்த பழைய கத்தோலிக்கரைக் கேட்டார், ரஷ்ய ஆயரை அணுகினார், கடைசியில் ஆல்வாரிஸுக்கு எழுதினார். 1891 டிசம்பரில் முதுபெரும் தந்தையின் ஆணை வந்தது. அடுத்த மே மாதம் அபிஷேகம். எபிஸ்கோப்பல் சபையின் ஆயர்கள் அதே ஆண்டில் அதைச் செல்லாது என்று அறிவித்தார்கள்.

வில்லாத் மீது நல்ல அபிப்பிராயம் வைப்பது கடினம். சபை மாறி, ஊர் மாறி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயர்களை உருவாக்கிக்கொண்டே போனார். 1898இல் பஃபலோ நகரில் போலந்துக்காரர் கமின்ஸ்கியை, 1900இல் இத்தாலியில் மிராலியாவை ஆயராக்கினார். கடைசியில் 1925இல் ரோமிடமே சரணடைந்து, 1929இல் வெர்சாயில் இறந்தார். மேற்கில் சபை இல்லாத ஆயர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. பட்டம் இருக்கும், பங்கு இருக்காது. அவர்களில் பலர் தங்கள் வம்சாவளியை எழுதினால் ஒரு வரியில் கொழும்பு வந்துவிடும்.

எல்லாம் வெறும் காகிதம் என்றும் தள்ளிவிட முடியாது. 1921இல் சிகாகோவில் வில்லாத் ஆயராக்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் அலெக்சாண்டர் மெக்வயர். ஆன்டிகுவா தீவில் பிறந்தவர், கறுப்பின உரிமைத் தலைவர் மார்க்கஸ் கார்வியின் இயக்கத்தில் தலைமைக் குருவாக இருந்தவர். வெள்ளையர் ஆளும் சபைகளில் கறுப்பர்களுக்கு ஆயர் பதவி மறுக்கப்பட்ட நாளில், அவர் ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபையைத் தொடங்கினார். 1927இல் தென்னாப்பிரிக்காவின் டேனியல் வில்லியம் அலெக்சாண்டரை ஆயராக்கினார். அலெக்சாண்டர் 1932இல் உகாண்டாவில் ரூபன் ஸ்பார்த்தாஸைக் குருவாக்கினார். ஸ்பார்த்தாஸின் மக்கள் பிறகு கிரேக்க அலெக்சாந்திரியாவின் முதுபெரும் தந்தையோடு சேர்ந்தார்கள்; உகாண்டா மக்களிடையே கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்துக்கு அதுவே தொடக்கம். சான்பிரான்சிஸ்கோவில் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைப் புனிதராக வைத்து சாக்ஸபோனோடு வழிபடும் கோயில் ஒன்று உண்டு. அது 1982இல் இணைந்ததும் இதே ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபையில்தான். கோவா குருக்களின் மனக்குறை இத்தனை தூரம் போகும் என்று பொன்ஜானும் நினைத்திருக்க மாட்டார், ஆல்வாரிஸும் நினைத்திருக்க மாட்டார். அந்தியோக்கியத் தலைமையகம் 1938இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, வில்லாத் வழி வந்த எல்லாச் சபைகளையும் கைகழுவியது.

கலைந்ததும் நின்றதும்

இலங்கையில் சபை மெல்லக் கரைந்தது. ஆல்வாரிஸின் வலக்கையாக இருந்த குரு லூயிஸ் மரியானோ சுவாரிஸ் 1903இல் இறந்த பின் நிலைமை இன்னும் தளர்ந்தது. கோபத்தோடு பிரிந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கோபம் இல்லை. பள்ளிக்கூடமும் வேலையும் கல்யாணச் சம்பந்தமும் ரோமன் பக்கம் இருந்தன. கல்யாணம் ஒன்று போதும் இத்தகைய சிறு சபைகளைக் கலைக்க.

ஆல்வாரிஸ் தன் கடைசிக் காலத்தைப் பஞ்சிமை அடுத்த ரிபந்தாரில் கழித்தார். ஓர் ஆயருக்குரிய எந்த அடையாளமும் இல்லாமல், தொழுநோயாளிகளோடும் ஏழைகளோடும் வாழ்ந்தார். ரோமுக்குத் திரும்பச் சொன்ன அழைப்புகளை ஏற்கவில்லை. 1923 செப்டம்பர் 23 அன்று இறந்தார். கத்தோலிக்கச் சடங்கு மறுக்கப்பட்டு, பொதுக் கல்லறையில் புதைக்கப்பட்டார்; ஆனால் ஊரே திரண்டு வந்தது. பிற்காலத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையினர் அவருடைய எலும்புகளை எடுத்து ரிபந்தார் மரியன்னை கோயிலில் வைத்தார்கள். தனக்குப் பின் அவர் ஓர் ஆயரை உருவாக்கி வைக்கவில்லை. கடல் கடந்த ஒருவருக்குக் கைவைத்தவர் சொந்த மக்களுக்கு வாரிசு வைக்காமல் போனது இந்தக் கதையின் பெரிய பிழை என்று நினைக்கிறேன்.

அப்படியும் ஓர் இடம் தப்பியது: உடுப்பிக்கு வடக்கே பிரம்மாவர். அங்கே பாதிரியார் ரோக் செபெரின் நொரோனா என்ற கொங்கணிக் குரு இருந்தார். 1936இல் இறக்கும்வரை அந்த ஊரை விட்டு நகரவில்லை. கொழும்பில் பத்திரிகையும் தூதரும் சங்கமும் இருந்தன. பிரம்மாவரில் நொரோனா மட்டும் இருந்தார். வீடு வீடாகப் போய், ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் தவறாமல் நடத்தி, ரோமன் பக்கம் போகாமலேயே ஒரு குடும்பம் இரண்டு தலைமுறை வாழ முடியும் என்ற நிலையை அவர் உண்டாக்கினார். ஆயர் போன பிறகு அந்த மக்கள் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் நிர்வாகத்தில் நின்றார்கள். லத்தீன் பூசை காலப்போக்கில் சிரியன் முறைக்கு இடம் கொடுத்தது, மொழி கொங்கணி. 2010இல் மலங்கரை சபை பிரம்மாவரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தனி மறைமாவட்டத்தை அமைத்தது. அங்குள்ள மரியன்னை கோயில் இன்று அதன் பேராலயம்.

சண்டைக்குக் காரணமான பதுரவாதோ என்ன ஆயிற்று? மயிலாப்பூருக்கும் கொச்சிக்கும் ஆயரை முன்மொழியும் உரிமையைப் போர்த்துக்கல் 1950இல், இந்தியா சுதந்திரம் அடைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, விட்டுக்கொடுத்தது.